பாதியில் கிளம்பாதே

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாலுவின் அம்மா வயிற்றுப் பிள்ளையோடு டாக்டர் சொன்னபடி படுத்தே இருக்கிறாளா, இல்லை நீ வேலைக்குப் போனதும் எழுந்து வீட்டைப் பெருக்குகிறாளா?

சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் குழந்தை வாலுவுக்கு ரத்தப் புற்றுநோய்தான். ஆனால் குழந்தைகளுக்கு வரும் இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடுமாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. பெரிய டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "கொஞ்ச நாள்ல நல்லாயிட்ட மாதிரி தெரியும். அப்பதான் பாதிப் பேர் கூட்டிட்டுக் கிளம்பிடறாங்க. அப்படிப் போனா நோய் திரும்பும், அப்புறம் எங்க கையில இல்ல. கடைசி ஊசி வரைக்கும் இருப்பீங்களா?" இருப்பேன் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் தலையையே கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அறக்கட்டளை தங்கும் இல்லம் நடத்துகிறது. வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்களுக்காக. மாடியில் எங்களுக்கு ஓர் அறை, இரண்டு கட்டில், கொசுவலை போட்ட ஜன்னல். கீழே பொதுச் சமையலறையில் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. அரிசி, பருப்பு, முட்டை, மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு பைசா கேட்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏணி மேல் நின்று பெயிண்ட் அடித்துச் சாப்பிட்டவன் நான். சும்மா வாங்கிப் பழக்கமில்லை.

இங்கே பிள்ளைகளோடு இருப்பது எல்லாம் அம்மாக்கள். அப்பா என்று நான் ஒருத்தன்தான். சமையலறையில் நுழைந்ததும் அத்தனை பேச்சும் நின்றது. என் சோறு அடிப்பிடித்த வாசனை வந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

போன் இந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் அம்மா ஆபீஸில் ஒன்றுதான், அவசரத்துக்கு மட்டும். நம் வீட்டில் அதுவும் கிடையாது. அதனால் எழுது. அவளையும் இரண்டு வரி எழுதச் சொல். வாலு அத்தைக்கு முத்தம் கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முத்தம் வந்து சேர்ந்தது. முழங்கால் அதே இடத்தில்தான் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. குழந்தைக்கு ஊசி போட்ட இடம் வீங்குகிறதா? சரியாகத் தூங்குகிறாளா? இதையெல்லாம் எழுதாமல் கொசுவலையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர். பெயிண்ட் கலக்கும்போது கண்ணாலேயே அளக்கிறவன், அந்தக் கண் அடுப்பு முன்னால் எங்கே போகிறது?

சும்மா வாங்க வெட்கமாக இருக்கிறதோ? நான் கம்பெனியில் நாளெல்லாம் பிஸ்கட் பாக்கெட் அடுக்குகிறேன். எந்த வீட்டுப் பிள்ளை பிரித்துத் தின்னும் என்று எனக்குத் தெரியுமா? கொடுக்கிறவர்களும் அப்படித்தான், உன் முகம் அவர்களுக்குத் தெரியாது. வாங்கிக்கொள், நன்றி சொல், பேசாமல் இரு.

உன் பொண்டாட்டி படுத்துத்தான் இருக்கிறாள். காகிதமும் பேனாவும் கொடுத்தேன். "அப்புறம் எழுதறேன் அண்ணி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறொன்றுமில்லை, அசதி. நீயாக எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு. குழந்தையைத் திட்டாதே.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

முதலில் நல்ல சேதி. வாலுவின் எலும்பு மஜ்ஜையை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். நோய் கண்ணுக்குத் தெரியவில்லையாம்! டாக்டர் சொன்னதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்தான் மெல்ல உருவிக்கொண்டார். "சந்தோஷப்படுங்க. ஆனா இப்பதான் ஆரம்பம்" என்றார். இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறதாம்.

ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள், அதைப் போட்டால் அகோரப் பசி. விடிந்ததும் "அப்பா, முட்டை" என்கிறாள். முட்டை தின்று வாய் துடைப்பதற்குள் "அப்பா, சோறு". என் சமையலை நம்பி அவள் பசி தீராது என்று பக்கத்து அறை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "தள்ளுங்க அண்ணா, பாவம் அந்த அரிசி" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அவர் பையனுக்கும் இதே நோய்தான். வராந்தாவில் நின்று கையை நீட்டி எல்லோரையும் நிறுத்துவான், அவன் விசில் ஊதினால்தான் போகலாம். அதனால் அவன் டிராஃபிக் போலீஸ், அவர் போலீஸ் அம்மா. ஒரு நாள் பெரிய டாக்டரையே நிறுத்தி வைத்தான். அவரும் நின்றார். வாலு மட்டும் அவன் கைக்குக் கீழே குனிந்து ஓடிவிடுவாள். இரண்டு பேருக்கும் தினம் சண்டை.

அவள் ஏன் எழுதவில்லை அக்கா? என் மேல் கோபமா? உடம்பு எப்படி இருக்கிறது? உள்ளதை எழுது.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனிக்கே எடுத்துப்போய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் மேற்பார்வையாளர், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று இருப்பவர், அவரே இரண்டு தடவை "நல்லது, நல்லது" என்றார். அந்த டாக்டர் நன்றாக இருக்கட்டும். போலீஸ் அம்மாவும் நன்றாக இருக்கட்டும். நானிருந்து செய்ய வேண்டியதை அவள் செய்கிறாள்.

உன் பொண்டாட்டிக்குக் கோபமெல்லாம் இல்லை. உன் கடிதம் வந்தால் முதலில் அவள் கைக்குத்தான் போகிறது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள், கேட்டால்தான் எனக்குத் தருகிறாள். கை கால் கொஞ்சம் வீக்கமாக இருக்கிறது, பேனா பிடிக்கக் கஷ்டம். இந்த நேரத்தில் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான்.

டாக்டர் சொன்னதை மறக்காதே. இங்கே நான் இருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

நீயும் அவளும் சௌக்கியந்தானே? வீக்கம் வடிந்ததா?

வாலுவுக்கு யாரோ கொடுத்த ரத்தத்தை இரண்டு தடவை ஏற்றினார்கள். முடி கொட்டிவிட்டது. நான்தான் அழுதேன். அவள் டிராஃபிக் போலீஸின் மொட்டையோடு தன் மொட்டையை ஒட்டிப் பார்த்து "என்னுதுதான் பளபளப்பு" என்று ஜெயித்துவிட்டாள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். கீழே பிள்ளைகள் விளையாடும் அறை இருக்கிறது. ஒரு சுவர் முழுக்க ஈரம் ஏறிப் பெயிண்ட் கொப்பளித்துக் கிடக்கிறது. தினமும் அதைப் பார்க்கும்போது எனக்குக் கை அரிக்கிறது. இந்த ஞாயிறு காலை வார்டன் அம்மா நன்கொடையாளர் கூட்டத்துக்குப் போகிறார். அவர் திரும்புவதற்குள் சுரண்டி, பட்டி பூசிச் சமமாக்கி, முதல் கோட்டிங் அடித்துவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு இரண்டு டப்பா மஞ்சள் பெயிண்டைச் சும்மாவே கொடுத்தார். எல்லோரும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் அக்கா. என்னிடம் இருப்பது இந்த இரண்டு கைதான். அதையாவது கொடுக்கிறேனே.

வார்டன் அம்மா முகம் எப்படி மாறும் என்று இப்போதே நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 19

அக்கா,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என்னால் நலம் கெட்டது.

சுவரைச் சுரண்டினேன். பழைய சுண்ணாம்பு, உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. அறை புகைபோல ஆனதும் தூசி வெளியே போகட்டும் என்று மின்விசிறியைப் போட்டேன். கதவு திறந்திருந்தது. தூசி மாடிப்படி வழியாக நேரே அறைகளுக்குப் போயிருக்கிறது. இத்தனை வருஷம் தூசியிலேயே நின்றவன், அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இங்கே இருப்பது எதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைகள் என்று உறைக்கவில்லை. பழத்தைக்கூடக் கழுவித் தோல் சீவிக் கொடுக்கும் வீட்டில் பூஞ்சையைத் தூசியாக்கி ஊட்டியிருக்கிறேன்.

வார்டன் அம்மா வந்து பார்த்தார். கத்தவே இல்லை. கதவுகளைச் சாத்தச் சொல்லி, வேன் வரவழைத்து, எல்லாப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி ஹாலுக்கு மாற்றினார். தொண்டர்கள் வந்து சுவர், கட்டில், ஜன்னல் எல்லாம் கழுவினார்கள். நானும் கழுவினேன். யாராவது திட்டியிருந்தால் தேவலை.

டிராஃபிக் போலீஸுக்குக் காய்ச்சல். வார்டில் சேர்த்திருக்கிறார்கள். தூசியால் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் உயிர்ப் பயம். அவன் அம்மா என்னைக் கடந்துதான் போகிறார், என்னைப் பார்ப்பதில்லை.

இவர்கள் சோறு எனக்கு இறங்கவில்லை அக்கா. வாலு நன்றாகத்தான் இருக்கிறாள், நோயும் தெரியவில்லை. இந்தச் சுற்று ஊசி மாதக் கடைசியில் முடிகிறது. முடிந்ததும் கிளம்பி வந்துவிடுகிறோம். மிச்சத்தை நம் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கும் நாள் நெருங்குகிறது, நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தம்பி

ஏப்ரல் 29

தம்பி,

பேனா கிடைக்கவில்லை, பென்சிலில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நலம் என்றால் நலம், திருப்பிக் கேட்காதே.

நீ வரக் கூடாது. வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மருந்தின் பெயரை வாசிக்கவே ஆள் கிடையாது, உனக்குத் தெரியாதா?

நீ செய்தது தப்பு. தப்புச் செய்தவன் அங்கேயே நின்று தலை குனிந்துவிட்டுப் போகட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது இன்னொரு தப்பு, அதைக் கழுவ எந்தத் தொண்டரும் வர மாட்டார்.

அந்தப் பையனுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா

மே 13

அன்புள்ள அக்கா,

உன் பென்சில் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இவ்வளவு கோணலாக நான் பார்த்ததில்லை. முழங்காலோடு இப்போது கையும் வலிக்கிறதா?

நான் கிளம்பவில்லை. ஆனால் உன் கடிதம் வருவதற்கு முன்பே பெட்டி கட்டிவிட்டேன். வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினால், வார்டன் அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்காகவே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். "உங்க முகத்தைப் பாக்க முடியலம்மா" என்றேன்.

"என் முகத்தைப் பாக்க வேணாம். அவ முகத்தைப் பாருங்க. உங்ககிட்ட யாராவது வேலை கேட்டாங்களா? சுவரைச் சரி பண்ணச் சொன்னாங்களா? இங்க கொடுக்கிறவங்க திருப்பி வாங்கிக்கணும்னு கொடுக்கல. உங்களுக்கு இங்க ஒரே ஒரு வேலைதான். கடைசி ஊசி வரைக்கும் இவளை வச்சுக்கணும். அது ஒண்ணும் சின்ன வேலை இல்ல. அதைச் செய்ய முடியாம எத்தனையோ பேர் போயிருக்காங்க. அதுல ரெண்டு பிள்ளைங்களை நான் திரும்ப இங்கயே பாத்தேன். ரொம்பத் தாமதமா."

அவர் குரல் உடைந்துவிட்டது. நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

பையன் பிழைத்துவிட்டான் அக்கா. காய்ச்சல் இறங்கி வார்டிலிருந்து வந்துவிட்டான். அவன் வந்த அன்று போலீஸ் அம்மா நேராக என்னிடம் வந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார். சமையலறையே நடுங்கியது. மூச்சு வாங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா சாப்பிட்டாளா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என்ன நின்னுட்டு இருக்கீங்க, அரிசியை எடுங்க" என்றார்.

அன்று வாங்கிய சோற்றை வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்து தீர்ப்பேன் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நன்றாக இருங்கள் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன், தினமும் சொல்கிறேன்.

அவளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

உட்கார்ந்து படி. குழந்தை பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்கார வை. அவள் அக்காவாகிவிட்டாள்.

அவளுக்குத் தம்பி பிறந்திருக்கிறான். பிறந்தது ஏப்ரல் 28. ரத்தக் கொதிப்பு ஏறி, ஆபரேஷன் பண்ணி அவசரமாக எடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடுவான் போல இருந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். இப்போது இரண்டு பேரும் நிஜமாகவே நலம். அவன் அழுதால் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது, உன் தொண்டை.

என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. நான் ஊருக்கே வாய் கொடுக்கிறவள், இதை வாங்கிக்கொள்ள மாட்டேனா?

அக்கா

ஜூன் 12

வாலுவின் அம்மாவுக்கு,

அக்காவுக்கு நான் எழுதப்போவதில்லை. நீ சொல். தையல் ஆறிவிட்டதா? தலை சுற்றுகிறதா? குழந்தை பால் குடிக்கிறானா?

நான் இங்கே ஒரு சுவருக்காக அழுதுகொண்டிருந்தபோது நீ அங்கே ஆபரேஷன் மேசையில் கிடந்திருக்கிறாய். ஆபீஸில் போன் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே. உனக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன மனுஷன்? பிப்ரவரியிலிருந்து நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமென்றால் கோபமென்றாவது எழுது. எனக்கு உன் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு ஊதிக் காட்ட வேண்டுமென்று வாலு விசில் ஊதக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உன் வீட்டுக்காரன்

செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கும் அவளுக்கும்,

மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள். அக்கா, மூன்று மாதம் உன்னோடு பேசாமல் இருந்ததில் எனக்குத்தான் நஷ்டம். நீ வாரா வாரம் அனுப்பிய ஒற்றை வரிகளை எல்லாம் வாசித்தேன். "பையனுக்குப் பல் இல்லை, வாய் இருக்கிறது" என்பதை வாசித்து வராந்தாவிலேயே சிரித்துவிட்டேன். ஆனாலும் அவளிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை.

நேற்று வாலுவுக்குக் கடைசி ஊசி போட்டார்கள். இனிமேல் வீட்டிலிருந்தே மாத்திரை. மாதம் ஒரு தடவை வந்து காட்டினால் போதும், வண்டிச் செலவை அறக்கட்டளையே பார்த்துக்கொள்கிறது. பெரிய டாக்டர் இந்தத் தடவை அவராகவே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இருந்தீங்களே, அதுக்கு நன்றி" என்றார். அவர் எனக்கு நன்றி சொல்கிறார் அக்கா! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரக் கடைசியில் கிளம்பலாம் என்கிறார்கள். உங்கள் பதில் வந்ததும் புறப்படுகிறோம்.

தம்பி

செப்டம்பர் 16

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நான்தான். எனக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. பையன் மடியில் உதைத்துக்கொண்டிருக்கிறான், எழுத்து கோணினால் அவன் வேலை. நீங்கள் இளைத்துப் போயிருப்பீர்கள் என்று அண்ணி சொல்கிறார்கள். வாலுவுக்கு முடி முளைத்துவிட்டதா? என்னைக் கேட்கிறாளா?

அண்ணி மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நீங்கள் கிளம்பி வருகிறோம் என்று எழுதிய கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. அது வந்த மறுநாள் எனக்குக் கண் இருட்டியது. நிலைமை சரியில்லை, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணி ஆஸ்பத்திரி போனை நோக்கி ஓடினார்கள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அவர் வந்தா அவளையும் தூக்கிட்டு வந்துடுவாரு அண்ணி. எனக்கு என்ன ஆனாலும் சரி, வர வேணாம்." அண்ணி என்னைத் திட்டினார்கள், அழுதார்கள். அப்புறம் போன் செய்தார்கள், உங்களுக்கு இல்லை, வார்டன் அம்மாவுக்கு. "என் தம்பியை விட்டுடாதீங்க" என்று மட்டும்தான் சொன்னார்களாம்.

எனக்கு ரத்தம் வேண்டியிருந்தது. அது வார்டன் அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, அறக்கட்டளைக்கு ரத்தம் கொடுக்கும் ஆட்கள் நம் ஊரிலும் இருக்கிறார்களாம். ஒரு பஸ் டிரைவரும் இரண்டு காலேஜ் பெண்களும் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கண் திறந்தபோது அவர்கள் இல்லை. முகம்கூடத் தெரியாது. அங்கே நம் பெண்ணுக்கும் இங்கே எனக்கும் ஓடுவது முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம். யாரிடம் போய் நன்றி சொல்வது? பையனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். கோபம் இல்லை. கை வீங்கியது நிஜம், ஆனால் எழுத முடியாத அளவுக்கு இல்லை, அது அண்ணி சொன்ன சாக்கு. பிப்ரவரியில் அண்ணி காகிதம் கொடுத்த அன்றே எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்று எழுதியதும் அடுத்த வார்த்தை "வாங்க" என்றுதான் வந்தது. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடியும் அதுதான் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, நீங்கள் பக்கத்தில் வேண்டியிருந்தது. வேறு எதையும் எழுத எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அதைப் படித்தால் நிற்க மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசி ஊசி போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள்.

வாங்க.